அம்மாவும் தண்ணீரில் இறங்கட்டும்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் ஒரே பேச்சுதான். "இந்த முறை எங்கே கூட்டிப் போகிறீர்கள்?" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். இப்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பூங்காதான். ஒரு நாள் பொழுதுக்காக ஒரு குடும்பம் செலவிடும் அந்தப் பணம், பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. ஆகவே எங்கே போவது என்பதை நன்கு யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

குளிர் நாடுகளில் இத்தகைய பூங்காக்களைக் கூரைக்குள்ளேயே கட்டுகிறார்கள். கனடாவின் எட்மண்டன் நகரில் 1986ஆம் ஆண்டில் ஒரு பேரங்காடிக்குள்ளேயே அலைக்குளம் அமைத்தார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே மக்கள் நீந்துவார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. நம் தொல்லையெல்லாம் பிற்பகல் மழையும் இடியும்தான். மின்னல் வெட்டத் தொடங்கினால் எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். எனவே எந்தப் பூங்காவானாலும் திறக்கும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள்.

சிலாங்கூர், பேராக் பக்கத்து மக்கள் அதிகம் பேசுவது இரண்டு பூங்காக்களைப் பற்றித்தான். ஒன்று சிலாங்கூரில் உள்ள சன்வே லகூன். மற்றொன்று ஈப்போவுக்கு அருகே உள்ள லோஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன். இரண்டுக்கும் நான் பிள்ளைகளோடு போயிருக்கிறேன்.

சன்வே லகூன் 1990களின் தொடக்கத்தில் ஒரு பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் எழுந்தது. அதன் அருகிலுள்ள சுபாங் ஜெயா வட்டாரம் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். நம்மவர் பால் வெட்டிய மண் அது. தோட்டம் மறைந்துவிட்டாலும் அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். இந்தப் பூங்கா மிகப் பெரியது. உயரமான சறுக்குகள், அலையடிக்கும் செயற்கைக் கடற்கரை, தலைக்கு மேலே 400 மீட்டருக்கும் நீளமான தொங்குபாலம் என்று இளவட்டங்களுக்கு ஏற்ற இடம். கார் இல்லாதவர்களும் போகலாம். கேடிஎம் ரயிலில் செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கினால், 2015இல் தொடங்கிய பிஆர்டி மேம்பாலப் பேருந்து பூங்காவுக்கு அருகிலேயே கொண்டுபோய் விடும். ஆனால் ஏற்றமும் இறக்கமும் படிகளும் அதிகம். முழங்கால் வலி உள்ள ஆயாவுக்குச் சிரமம்தான்.

தம்புன் பூங்கா 2004ஆம் ஆண்டில் திறந்தது. ஈப்போ கல்லுமலைக் கோவிலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுண்ணாம்புக் கல் மலைகள் நினைவிருக்கும். அதே வகை மலைகள் இங்கே சுவர் போலச் சூழ்ந்து நிற்கின்றன. சறுக்குகளும் அலைக்குளமும் இங்கும் உண்டு. ரப்பர் வளையத்தில் சாய்ந்துகொண்டு மெல்ல மிதந்து போகும் ஓடையும் உண்டு. இதன் தனிச் சிறப்பு பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் ஊற்று. பூங்காச் சீட்டில் ஊற்றும் சேருமா, மாலையில் ஊற்றுக்கு மட்டும் தனிச் சீட்டு உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் ஈப்போவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். எந்தப் பூங்காவிலும் ஓர் ஓரத்து நாற்காலியைப் பாருங்கள். நம் தாய்மார் ஒருவர் பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விடியுமுன் எழுந்து சமைத்தவர் அவர். அவருக்கும் சீட்டு வாங்கியாயிற்று. ஆனால் கால் கூட நனைவதில்லை. பிள்ளைகளுக்கு அது விடுமுறை. அவருக்கு அது இன்னொரு வேலை நாள்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் உடைதான். சேலை, பருத்திச் சட்டை, ஜீன்ஸ் ஆகியவற்றோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். சறுக்கில் துணி சிக்கினால் ஆபத்து. ஆனால் அரைகுறை உடைதான் உடுத்த வேண்டும் என்பதும் இல்லை. மலாய்த் தாய்மார்கள் கை கால் முழுதும் மூடும் நீச்சல் உடையில் தாராளமாக இறங்குகிறார்கள். அப்படிப்பட்ட முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் பசார் மாலாமிலேயே கிடைக்கும். செலவுக் கணக்கில் முதலில் அதை எழுதுங்கள். அடுத்து ஒரு லாக்கருக்கான வாடகையை எழுதுங்கள். பைகள் அதற்குள் போனால் அம்மாவுக்குக் காவல் வேலை இல்லை.

பிள்ளைகள் அனைவரும் வளர்ந்தவர்கள், பெற்றோரும் உற்சாகமாக ஓடியாடுவார்கள் என்றால் சன்வே லகூன் போங்கள். ஆயா, கைக்குழந்தை, உயரத்துக்கு அஞ்சும் அம்மா என்று மூன்று தலைமுறை சேர்ந்து போவதானால் நான் தம்புனைத்தான் சொல்வேன். அங்கே எல்லாருக்கும் இறங்க ஒரு தண்ணீர் இருக்கிறது. உரக்கக் கேட்கும் பிள்ளையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வாய் திறந்து கேட்காதவரையும் நினைத்து முடிவு செய்யுங்கள்.

சில எச்சரிக்கைகள். வெந்நீரில் ஒரேயடியாக ஊற வேண்டாம். பத்து நிமிடத்தில் எழுந்து இளைப்பாறுங்கள். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இனிப்பு நீரால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது; வேறொருவர் கை வைத்துப் பார்த்த பின்பே கால் வைக்க வேண்டும். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு மிதவைச் சட்டை அணிவியுங்கள். அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வேலையை அப்பா ஏற்கட்டும். வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள். புளிச்சோற்றை வழியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். உள்நாட்டினர் கட்டணத்தைக் கேட்டு வாங்க மைகார்டு, மைகிட் மறக்க வேண்டாம்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அம்மாவும் தலை நனையக் குளித்துச் சிரிக்கட்டும். கொடுத்த சீட்டுப் பணம் அப்போதுதான் முழுதாகப் பயன்பட்டதாகும்.