மலையும் துகளும்

அல்லிநகரத்திலிருந்து மேற்கே பார்த்தால் போடிப் பக்கத்து மலைகள் தெரியும். அங்கே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மேய்ச்சலும் தண்ணீரும் என்னாகுமோ என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பிறகு தமிழக அரசும் எதிர்த்தது.

அது என்ன நியூட்ரினோ என்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியாத துகள். மற்ற வானக் கதிர்களை மலைப்பாறை டிகாக்ஷன் மாதிரி வடிகட்டிவிடும். இது மட்டும் உள்ளே இறங்கிவிடும். அதற்குத்தான் மலை.

சூரியனில் பிறக்கும் நியூட்ரினோக்கள் மட்டுமே, நம் விரல் நகத்தளவு இடத்தில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி புகுந்து போகின்றன! நமக்கு ஒரு தீங்கும் இல்லை. ராத்திரியில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதல்லவா? அப்போது தரையைத் துளைத்துக் கீழிருந்து வந்து, தொட்டிலில் தூங்கும் குழந்தையையும் கடந்து மேலே போகின்றன. குழந்தை புரண்டுகூடப் படுப்பதில்லை.

'என் வீடு, என் உடம்பு' என்று நாம் இறுக்கிப் பிடித்திருப்பதெல்லாம் அந்தத் துகளுக்கு வெறும் சல்லடைதான். ஆனால் அதே மலை, ஆடு மேய்க்கிற பெண்ணுக்குப் பிழைப்பு. இரண்டுமே நிஜம்தான், சகோதரிகளே. அண்டத்தை நினைத்தால் நாம் ஒன்றுமில்லை. அடுத்த வேளைக் கஞ்சியை நினைத்தால் ஒரு பிடி புல்லும் பெரிசு. இந்த இரண்டையும் மறக்காமல் இருப்பதுதான் வாழ்க்கை என்று எனக்குத் தோன்றுகிறது.