எங்க இருக்க மாப்ள?

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு சுத்தியே தீருறதுன்னு உக்காந்திருக்கேன். புகை கண்ணுல பட்டா நான் பொறுப்பில்ல மக்களே.

படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது பொட்டி. 2014-ல சேர்ந்து 2018-ல வெளிய வந்த கூட்டம் நாங்க. திண்டுக்கல் நகராட்சி மாநகராட்சி ஆனதும் அதே 2014-லதான். ஊரும் நாமளும் ஒண்ணா பிரமோஷன் வாங்கியிருக்கோம்னு அப்ப பீத்திக்குவோம் :-)

எங்க கிளாஸ்ல பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கமே கிடையாது. எந்த ஊர்ல காலேஜ் பஸ் ஏறுறோமோ அதுதான் பேரு. ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, சின்னாளபட்டி. கேன்டீன்ல நாங்க பேசுறதைக் கேட்டா கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்ற மாதிரியே இருக்கும். நான் பேகம்பூர்.

இன்னொரு ஒத்துமையும் உண்டு. கவுன்சிலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகம் போனப்ப எங்கள்ல நிறைய பேரோட ஃபைல்ல முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்துச்சு. இந்தக் குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் டிகிரி முடிக்கலைன்னு தாசில்தார் ஆபீஸ்ல தர்ற காகிதம். அதைக் காட்டி கவுன்சிலிங்ல சீட் எடுத்தா, கல்விக் கட்டணத்துல ஒரு பகுதியை அரசாங்கம் ஏத்துக்கும். 2010-ல வந்த திட்டம். அது இல்லைன்னா எங்கள்ல பல பேரு பொறியியல் பக்கம் தலைவச்சே படுத்திருக்க மாட்டோம்.

ஒரே ஒரு கண்டிஷன். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான். அண்ணன் வாங்கிட்டா தம்பிக்குக் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எங்க வாட்ஸப் குரூப் இப்ப பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஆன்சைட் போட்டோவுக்கும்னே ஆயிருச்சு. புதுசா யாராவது எட்டிப் பார்த்தா முதல் கேள்வி, "எங்க இருக்க மாப்ள?" ஊரைக் கேக்குற மாதிரி இருக்கும். ஆனா எதிர்பார்க்கிற பதில் கம்பெனிப் பேரு. பதில் இருக்கிறவன் சொல்லிட்டு உக்காந்துக்குவான். இல்லாதவன் ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு, கொஞ்ச நாள்ல குரூப்பை விட்டே கிளம்பிருவான். இப்படிக் காணாமப் போனவங்களுக்கும், இருந்தும் பேசாதவங்களுக்கும் இந்தப் பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப வரிசையா போன் போட்டேன்.

ஒட்டன்சத்திரம் அப்பாவோட காய்கறி கமிஷன் கடையில இருக்கான். கேரளாவுக்கு லோடு அனுப்புற மார்க்கெட், ராத்திரி பகல் கிடையாது. ஓணம் சமயத்துல பெத்த அம்மா கூப்பிட்டாலும் போன் எடுக்க மாட்டானாம். "எக்ஸெல்ல கணக்கு போடுறேன்டா, நாலு வருஷப் படிப்பு அவ்வளவுக்கு யூஸ் ஆகுது"ன்னு சிரிச்சான்.

நாகல்நகர்க்காரன் துபாய்ல ஏசி டக்ட் வேலை பார்க்கிறான். அவங்கப்பா கையால மாங்கா பூட்டு செஞ்சவர். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல. அதுக்கு முந்தின வருஷமே அவர் பட்டறையை மூடிட்டாரு.

எங்க செட்டுல நிஜமாவே மெக்கானிக்கல் வேலை பார்க்கிறது வத்தலக்குண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்ற ஆலையில குவாலிட்டி. "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்?"னு கேக்காத ஆளு கிடையாது. அப்படிக் கேட்ட பயலுக எல்லாம் இன்னிக்கு என்னை மாதிரி பொட்டி தட்டிட்டிருக்கானுங்க.

நிலக்கோட்டை குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. ஆயிட்டான். அவன்கிட்ட அப்புறம் வர்றேன்.

கடைசியா சின்னாளபட்டி. குரூப்ல இருந்து போய் மூணு வருஷம். நம்பர் மாத்தியிருப்பான்னு நினைச்சேன், மாத்தல. "எங்க இருக்க"ன்னு கேக்கவே கூடாதுன்னு முடிவு பண்ணித்தான் அடிச்சேன். "அம்மா எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினான்.

அவங்க வீட்டுல அப்பாவும் அம்மாவும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டும் சாயம் ஏத்தியும் பொழைச்சவங்க. முதல் பட்டதாரி சான்றிதழ்ல இவன் பொறியியல் சேர்ந்தான். ரெண்டு வருஷம் கழிச்சு, 2016-ல, தங்கச்சி பிளஸ் டூ முடிச்சது. 1,200-க்கு 1,080. இவன் எடுத்ததைவிட நூத்தி சொச்சம் அதிகம். பொறியியல்தான் படிப்பேன்னு நின்னிருக்கு. ஆனா வீட்டுக்கான ஒரே சான்றிதழ் ஏற்கெனவே செலவாயிருச்சு. முழு ஃபீஸ் கட்ட வழியில்லாம திண்டுக்கல் அரசு மகளிர் கல்லூரியில பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து, பி.எட். முடிச்சு, இப்ப ஒரு தனியார் பள்ளியில கணக்கு டீச்சர்.

இவனுக்கு என்ன ஆச்சுன்னா, எம்-3. மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பர். எங்கள்ல பாதிப் பேர் ஒரு தடவையாவது அதுல விழுந்து எந்திரிச்சவங்கதான். இவன் எந்திரிக்கல. கோயம்புத்தூர்ல ஒரு வேலை கிடைச்சுப் போனான், 2020 லாக்டவுன்ல அதுவும் போச்சு. ஏழு வருஷக் கெடு முடிஞ்சு, இனி பழைய அரியர்காரங்களுக்கு எப்பவாவது விடுற சிறப்பு வாய்ப்புலதான் எழுதணும். இப்ப வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல மெயின்டனன்ஸ், ஷிப்ட் வேலை.

"மில்லுல வேலை பார்க்கிறது எனக்கு அசிங்கமா இல்லடா. நீங்க கம்பெனிப் பேரு கேக்குறப்ப எல்லாம், தங்கச்சி சீட்டை எடுத்துக்கிட்டு என்னடா பண்ணினன்னு கேக்குற மாதிரியே இருக்கும். அதான் வெளிய வந்துட்டேன்"னான்.

எனக்குப் பேச்சே வரல. அவன் வேலை கிடைக்காத வருத்தத்துல ஒதுங்கிட்டான்னுதான் நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். அந்த சான்றிதழ்ல அவன் பேரு இருந்துச்சு, பட்டம் வாங்கினது தங்கச்சி. இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணே அண்ணனுக்கு எம்-3 சொல்லிக் கொடுக்குதாம். "டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு"ன்னான். அப்பதான் சிரிச்சான்.

இந்தக் கதையை நிலக்கோட்டைகிட்ட சொன்னேன். ஒரு காலத்துல தாசில்தார் ஆபீஸ் வாசல்ல காத்துக் கிடந்தவன், இப்ப அதே முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விசாரிச்சு ரிப்போர்ட் போடுற ஆளு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான், "பையனுக்குன்னு கேட்டு வர்றப்ப, வீட்டுல இன்னும் யாரு படிக்குதுன்னு நானே கேப்பேன் மாப்ள. கேட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் அப்படி. ஆனா அந்த வீட்டுல ஒருதரம் உக்காந்து யோசிப்பாங்கல்ல?"

உங்க செட்டுலயும் இப்படி ஒருத்தன் நிச்சயம் இருப்பான். நம்பர் அநேகமா மாறியிருக்காது. அடிச்சுப் பாருங்க. வேலையைப் பத்தி அவனா சொல்ற வரைக்கும் விட்டுருங்க.

டிஸ்கி: சின்னாளபட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "என் பேரைப் போடாத. தங்கச்சி மார்க்கை மட்டும் சரியா போடு"ன்னான்.