பத்துக்கு எழுபத்திரண்டு

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு பிலடெல்பியாவில் ஒரு கூடைப்பந்து ஆட்டம். லேக்கர்ஸ் அணியில் இருபதாவது சீசன் ஆடிக்கொண்டிருந்த கோபி பிரையன்ட், இத்தோடு ஓய்வு என்று இரண்டு நாள் முன்னால்தான் அறிவித்திருந்தார். பிலடெல்பியா அவர் பிறந்த ஊர். வந்திருந்த கூட்டம் அவரைப் பார்க்க வந்த கூட்டம். உள்ளூர் அணியான செவன்டிசிக்சர்ஸைப் பார்க்க யாரும் வருவதாயில்லை. அந்த சீசனில் அதுவரை 18 ஆட்டம் ஆடி பதினெட்டிலும் தோற்றிருந்தார்கள். முந்தைய சீசனின் கடைசி 10 தோல்விகளையும் சேர்த்தால் 28. அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகள் எதிலும் அதுவரை எந்த அணியும் தொடர்ந்து அத்தனை முறை தோற்றதில்லை. அன்று சிக்சர்ஸ் 103-91 என்று ஜெயித்தது.

அதை நான் நேரலையில் பார்க்கவில்லை. இந்திய நேரப்படி அது டிசம்பர் 2ஆம் தேதி காலை. சென்னையில் இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலை என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, நெட் வந்து, ஒரு வாரம் கழித்துத்தான் ஹைலைட்ஸ் பார்த்தேன். அதில் சிக்சர்ஸ் பையன்கள் சிரித்த சிரிப்பு மனதில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த அணியை நடத்தியவர்களின் கணக்குப்படி, ஜெயித்தால்தான் நஷ்டம்.

என்பிஏ பார்க்காதவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்கு வரிசையில் முன்னிடம். வலியவன் மேலும் வலுத்துக்கொண்டே போகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஐந்தே பேர் ஆடும் விளையாட்டில் ஒரே ஒரு அபூர்வமான ஆட்டக்காரன் வந்துவிட்டால் பத்து வருஷத்துக்கு ஊரின் தலையெழுத்து மாறிவிடும். புதிதாக வருபவனின் சம்பளமும் முதல் நான்கு வருடங்களுக்கு விதிப்படி கட்டுப்பட்டது, திறமைக்கு முன்னால் அது சல்லிக்காசு. ஆக, நடுத்தரமான அணியாக இருப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட இடம். கோப்பையும் கிடையாது, நல்ல பையனும் கிடைக்க மாட்டான். அதைவிடக் கடைசிக்குப் போய்விடலாமே? இதைத்தான் டேங்கிங் என்கிறார்கள். (இந்த டேங்க் பீரங்கி வண்டி அல்ல, தண்ணீர்த் தொட்டி. காசு வாங்கிக்கொண்டு விழும் குத்துச்சண்டைக்காரன் தொட்டிக்குள் குதிக்கிறான் என்பார்களாம்.) இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று இடத்துக்கு வந்தால் கீழ் லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள். ஐபிஎல்லில் 2025இல் நம் சென்னை கடைசி இடம் பிடித்தது, அதற்குப் பரிசு ஒன்றும் இல்லை, மீம்ஸ்தான். என்பிஏவில் கடைசி இடத்துக்கு விலை உண்டு.

அந்த விலையைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கியவர் சாம் ஹிங்கி. 2013இல் சிக்சர்ஸின் ஜெனரல் மேனேஜராக வந்தார். ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ. ஆட்டத்தை எண்களாகப் பார்க்கும் ஆள். வந்த கையோடு, அந்த வருடம்தான் ஆல்-ஸ்டார் ஆகியிருந்த ஜ்ரூ ஹாலிடேயை விற்றார். பதிலுக்கு வாங்கியது முழங்கால் தசைநார் கிழிந்து உட்கார்ந்திருந்த ஒரு பையனையும், அடுத்த வருடத்து டிராஃப்ட் உரிமை ஒன்றையும். மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். மறு வருடம் அவரையும் விற்று இன்னொரு எதிர்கால உரிமை. 2014 டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் எடுத்த ஜோயல் எம்பீடுக்குப் பாதத்தில் எலும்பு முறிவு, இரண்டு சீசன் ஆடவே இல்லை. ஹிங்கி பதறவில்லை. ஆடாவிட்டால் இன்னும் நல்லது, இன்னும் தோற்கலாம். மூன்று சீசன்களின் வெற்றிகள்: 19, 18, 10. ஒரு சீசனுக்கு 82 ஆட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஹிங்கியைப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கும். அவர் எங்கள் ஜாதி. விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு, எல்லோரும் வெட்கப்பட்டு ஓரமாகச் செய்வதை நடுக்கூடத்தில் செய்தார். விதி சொல்வதைச் செய்தவனைத் திட்டுவதா, விதி எழுதியவனைத் திட்டுவதா? கோடு எழுதிப் பிழைப்பவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. உள்ளீடு இது என்றால் வெளியீடு இதுதான், மெஷின் மேல் கோபப்பட்டு என்ன பயன்.

ஆனால் ஓர் இடத்தில் இந்த உவமை உடைகிறது. ஆடுகளத்தில் யாரும் தோற்க ஆடவில்லை. அந்த மூன்று வருடங்களில் பிலடெல்பியாவுக்கு ஆடியவர்கள் பெரும்பாலும் வேறு எந்த அணியும் சீண்டாத பையன்கள். சிலர் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஆமாம், என்பிஏவில் பத்து நாளுக்கு ஒப்பந்தம் போடலாம். இவர்களுக்கு ஒவ்வோர் இரவும் வேலைக்கான நேர்முகத் தேர்வு. தோற்க முடிவெடுத்தது மாடியில் இருந்த அறை. கீழே வியர்த்தவர்கள் ஜெயிக்கத்தான் ஓடினார்கள். அவர்கள் ஜெயிக்க முடியாதபடி அணியை அமைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பயிற்சியாளர் பிரெட் பிரவுனை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பாவமாக இருக்கிறது. சான் ஆன்டோனியோவில் கோப்பை வாங்கிப் பழகிய கூட்டத்திலிருந்து வந்தவர், மாதாமாதம் மாறும் முகங்களுக்குத் தினமும் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் திட்டத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘பிராசஸ்’. ‘பிராசஸை நம்பு’ என்று டீஷர்ட் போட்டுக்கொண்டு அரங்கத்துக்கு வருவார்கள். அந்தச் சொற்றொடரைப் பிரபலமாக்கியவர் டோனி ரோட்டன் என்ற ஆட்டக்காரர். தினமும் எங்களிடம் இதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லப்போக, அது கோஷமாகிவிட்டது. 2015 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ரோட்டனை அணி கழற்றிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்பிஏவில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. டீஷர்ட் இன்னும் விற்கிறது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நாலைந்து வருடம் முன்பு ஒரு கம்பெனியில் பதினோரு மாதம் ஒரு புராஜெக்டில் இருந்தேன். ஏழு பேர் டீம். ரிலீஸ் தேதி தள்ளித் தள்ளிப் போனது, ஆள் கேட்டால் ஆள் வராது, இருக்கிற ஆளையும் வேறு புராஜெக்டுக்கு உருவிக்கொள்வார்கள். எங்களுக்குத்தான் திறமை போதவில்லை என்று நினைத்து ராத்திரி பன்னிரண்டு, ஒன்று வரை உட்கார்ந்திருப்போம். கடைசியில் ஒருநாள் இருபது நிமிட மீட்டிங்கில் மூடினார்கள். க்ளையன்ட் வேறொரு ரெடிமேட் புராடக்டுக்குப் போவது எட்டு மாதம் முன்பே முடிவான விஷயமாம். அதுவரை ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகக் காட்ட ஒரு டீம் தேவைப்பட்டிருக்கிறது. எங்களோடு காலேஜ் முடித்த கையோடு சேர்ந்த ஒரு தம்பி இருந்தான். அன்று சாயங்காலம் டீக்கடையில் கேட்டான்.

“அண்ணா, இது போகாதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?”

“தெரிஞ்சிருக்கும்டா.”

“அப்புறம் எதுக்குண்ணா என் அப்ரைசல்ல ‘டெலிவரி வீக்’னு போட்டாங்க?”

டீம் லீடிடம் கேட்டோம், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மேலே இருந்தவர்கள் பார்வையில் அது சரியான முடிவுதான். எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்த்தால் நானும் அதையே எடுத்திருக்கலாம். அந்தத் தம்பியின் ரேட்டிங் மட்டும் அப்படியே நின்றது. டோனி ரோட்டனின் சராசரிகளும் அப்படித்தான் ரெக்கார்டில் நிற்கின்றன, எந்த அணியில் எடுத்தவை என்ற குறிப்பு எதுவும் இல்லாமல்.

சரி, பிராசஸ் என்னதான் விளைவித்தது? ஹிங்கி 2016 ஏப்ரலில், 13 பக்க ராஜினாமாக் கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த 10-72 சீசனின் கூலியாக பென் சிம்மன்ஸ் முதலிடத்தில் கிடைத்தார். எம்பீட் ஒருவழியாகக் களமிறங்கி, பிராசஸ் என்பதைத் தன் பட்டப்பெயராகவே வைத்துக்கொண்டார், 2023இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் பிளே ஆஃபில் இரண்டாவது சுற்றைத் தாண்டவே முடியவில்லை. மிக அருகில் போனது 2019 மே 12, டொரொன்டோவில் ஏழாவது ஆட்டம். 90-90. கடைசி நொடியில் காவை லெனர்ட் வலது மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்துவிட்டு உள்ளே விழுந்தது. எம்பீட் அழுதுகொண்டே வெளியேறினார்.

அந்த லெனர்ட் டொரொன்டோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரை வாங்குவதற்காக அந்த அணி ஒன்பது சீசன் தனக்கே ஆடிய டிமார் டிரோஸனை விற்றிருந்தது. கோப்பையை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார் லெனர்ட். அதாவது, ஆறு வருடம் தோற்று வளர்த்த ஒன்றை, ஒரு வருட வாடகைக்கு வந்தவர் ஒரே எறியில் முடித்துவைத்தார். சிம்மன்ஸ் 2021இல் என்னை அனுப்பிவிடுங்கள் என்று அடம்பிடித்துப் போனார். அவருக்குப் பதில் வந்த ஜேம்ஸ் ஹார்டனும் அடுத்த வருடமே அதே பாட்டைப் பாடினார். நட்சத்திரங்கள் இப்படி ஊர் மாறுவதைத் துரோகம் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த உரிமைக்காக 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் கோர்ட்டுக்குப் போய், ஆறு வருடம் காத்திருந்து வாங்கினார். ரோட்டனை ஒரே நாளில் கழற்றிவிடும் லீக்கில், ஹார்டனாவது திருப்பிச் செய்கிறாரே என்றுதான் தோன்றுகிறது.

லீக்கும் சும்மா இருக்கவில்லை. முதலிடத்தை முடிவுசெய்யக் குலுக்கல் ஒன்று 1985 முதல் உண்டு. இப்போதைய முறையில் பதினான்கு பந்துகளில் நான்கை எடுப்பார்கள், 1001 சேர்க்கைகள், ஒன்றைத் தள்ளிவிட்டு ஆயிரத்தைப் பங்கிடுவார்கள். பிராசஸ் காலத்தில் கடைசி அணிக்கு 250 சேர்க்கை, அதாவது 25 சதவீதம். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று குறைத்துவிட்டார்கள். இதன் அபத்தத்தை அனுபவித்தது டெட்ராய்ட். 2022-23இல் கடைசி இடம், கிடைத்தது ஐந்தாவது தேர்வு. அடுத்த சீசனில் நல்ல சம்பளத்துக்குப் புதுப் பயிற்சியாளரை வைத்து உண்மையாகவே ஜெயிக்கப் பார்த்து, தொடர்ச்சியாக 28 ஆட்டம் தோற்று, மறுபடி கடைசி இடம், மறுபடி ஐந்தாவது தேர்வு. 2025 பிப்ரவரியில் லூகா டான்சிச்சையே லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ரசிகர்களிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்த டாலஸுக்கோ, 1.8 சதவீத வாய்ப்பில் முதலிடம் விழுந்தது. தோல்விக்கு விலை குறைந்திருக்கிறது, தோற்பது நின்றபாடில்லை.

நிற்காது, ஏனென்றால் சில சமயம் அது பலிக்கவும் செய்கிறது. கிளிப்பர்ஸுக்குப் போன லெனர்ட் தனக்குத் துணையாக பால் ஜார்ஜ் வேண்டும் என்றார். அவரை வாங்க, கிளிப்பர்ஸ் ஒக்லஹோமா சிட்டிக்கு ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளம் ஆட்டக்காரரையும் கொடுத்தது. ஒக்லஹோமா அதன்பின் நிதானமாகத் தோற்றது. ஒரு சீசனில் 22 வெற்றி, அடுத்ததில் 24. நல்ல உடல்நிலையில் இருந்த ஆல் ஹார்ஃபர்டை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 2025இல் அதே ஷே தலைமையில் கோப்பை. ஹிங்கியின் கணக்கை ஹிங்கியைவிட அடக்கமாகப் போட்டு விடை வாங்கிவிட்டார்கள். பால் ஜார்ஜ்? 2024இல் கிளிப்பர்ஸை விட்டு பிலடெல்பியாவுக்கு வந்தார். எம்பீடுக்கு 19 ஆட்டத்தோடு சீசன் முடிந்துபோக, அவரும் பாதி நாள் காயத்தில் இருக்க, அணிக்கு 24 வெற்றி. வசந்தகாலம் வந்தபோது பிலடெல்பியா மறுபடி தோற்பதில் மும்முரமாக இருந்தது. தேர்வு முதல் ஆறு இடத்துக்குள் விழாவிட்டால் அது பழைய ஒப்பந்தப்படி ஒக்லஹோமாவுக்குப் போய்விடும். விழுந்தது, மூன்றாமிடத்தில்.

இந்த வரவுசெலவு எதிலும் சேராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டி.ஜே. மெக்கானல். 2015 டிராஃப்டில் அறுபது பேரை எடுத்தார்கள், அதில் அவர் இல்லை. என்பிஏவுக்குச் சிறிய உருவம், மெதுவான எறி. பிலடெல்பியாவில்தான் இடம் கிடைத்தது, அந்தப் பத்து வெற்றிகளின் அணியில். 2017 ஜனவரியில் நியூயார்க்குக்கு எதிராகக் கடைசி மணியோடு ஒரு பந்தைப் போட்டு ஜெயித்துக் கொடுத்தார். டிராஃப்ட் கணக்குப்படி பார்த்தால் வேண்டாத வெற்றிதான். 2019இல் இந்தியானாவுக்குப் போனார்.

2025 இறுதிப் போட்டி இந்தியானாவுக்கும் ஒக்லஹோமாவுக்கும். ஏழாவது ஆட்டம், நமக்குத் திங்கட்கிழமை காலை. முதல் கால்பகுதியிலேயே இந்தியானாவின் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் தசைநாண் கிழிந்து விழுந்தார். மூன்றாவது கால்பகுதியில் ஆட்டம் கைநழுவிக்கொண்டிருந்தபோது, பெஞ்சிலிருந்து வந்த மெக்கானல், 33 வயதில், ஒக்லஹோமாவின் உயரமான பையன்களுக்கு நடுவே புகுந்து புகுந்து 12 புள்ளிகள் எடுத்தார். இந்தியானா தோற்றது. 103-91, அந்த கோபி ஆட்டத்தின் அதே எண்கள். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோப்பை கொடுப்பதைப் பார்க்காமல், மூன்றாவது கால்பகுதியை மட்டும் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன்.