பத்திரத்தில் இருந்த பெயர்

லண்டனில், தேம்ஸ் கரையை ஒட்டிய கிரீனிச் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் நான் பெயர்களைத்தான் படிக்கிறேன். பூங்காவுக்கு மேலே பிளாக்ஹீத் வெளியில் ஓடும் சாலைக்கு டியூக் ஹம்ஃப்ரியின் பெயர். ஆக்ஸ்ஃபோர்டின் பழைய நூலக அறைக்கும் அவர் பெயரே. ஆற்றோரம் மாளிகை கட்டிப் பூங்காவை உண்டாக்கியவர் அவர் என்கிறது வரலாறு.

ஆனால் 1433இல் 200 ஏக்கர் நிலத்தை வளைத்துக்கொள்ள அரசர் ஆறாம் ஹென்றி கொடுத்த அனுமதி இருவருக்கானது: ஹம்ஃப்ரிக்கும், அவர் மனைவி எலினர் கோபமுக்கும். எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் அம்மாவின் பெயர் உண்டு. வாசல் பலகையில் அப்பாவின் பெயர் மட்டும். அதனால்தானோ என்னவோ, எலினரை என்னால் கடந்துபோக முடியவில்லை.

1435க்குப் பிறகு, பிள்ளையில்லாத இளம் அரசருக்கு அடுத்த வாரிசு ஹம்ஃப்ரிதான். அரசர் இறந்தால் எலினர் ராணி. 1441இல் அவர்மீது சூனியக் குற்றம் சாட்டினார்கள். அரசரின் சாவை ஆள்வைத்துக் கணித்தாராம். குழந்தை வரம் வேண்டித்தான் மருந்து கேட்டேன் என்றார் எலினர். ஹம்ஃப்ரியை வீழ்த்த நினைத்தவர்களுக்கு மனைவி எளிய வழியானார் என்பதே என் வாசிப்பு. நவம்பர் குளிரில், மூன்று நாட்கள், தலையை மூடாமல், கையில் மெழுகுவர்த்தியோடு லண்டன் தெருக்களில் அவரை நடக்கவிட்டார்கள். திருமணத்தை ரத்து செய்தார்கள். 1452இல் சாகும்வரை சிறை.

1447இல் ஹம்ஃப்ரியும் இறக்க, மாளிகை ராணி மார்கரெட்டிடம் போனது. ‘இன்பம்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு வந்தது. அந்த இன்பமாளிகையில்தான் 1533இல் ஆன் போலின் எலிசபெத்தைப் பெற்றார். மகனை எதிர்பார்த்திருந்த வீடு அது. 1536 மே 2 அன்று அங்கேயே கைதாகி, படகில் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்.

இரண்டாம் சார்லஸ் காலத்தில் மாளிகையை இடித்தார்கள். மன்னர்கள் பிறந்த இடம் என்று இன்று ஒரு கல் சொல்கிறது. எலினரின் பெயரை அங்கே நான் பார்த்ததில்லை.

எலினரோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அவருக்கு மருந்து கொடுத்தவர் மார்ஜரி ஜோர்டமெய்ன் என்ற எளிய பெண். சீமாட்டிக்குக் கிடைத்தது மெழுகுவர்த்தி. மார்ஜரியை ஸ்மித்ஃபீல்டில் உயிரோடு எரித்தார்கள். எந்தப் பத்திரத்திலும் பெயர் ஏறாத பெண்களையும் சேர்த்தே இந்தத் தோட்டத்தின் வரலாற்றை நான் படிக்க விரும்புகிறேன்.