மூர் மார்க்கெட்டில் இறங்குகிறவர்கள்

அத்திப்பட்டில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்களைக் கேட்டால், சென்ட்ரலுக்குப் போவதாகத்தான் சொல்வார்கள். ரயில்வே கணக்கில் அவர்கள் போவது மூர் மார்க்கெட் வளாகத்துக்கு. எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் எல்லாம் தாண்டி வண்டி நிற்கிற இடத்தில் மார்க்கெட் எதையும் காணோம். 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்தே காணாமல் போன ஊர் அத்திப்பட்டி, அது கற்பனை. இந்த அத்திப்பட்டுக்காரர்கள் தினமும் போய் இறங்குவது நிஜமாகவே காணாமல் போன ஓரிடத்தில்.

பிராட்வே பக்கத்துப் பழைய சந்தையின் நெரிசலுக்கு மாற்றாக மதராஸ் மாநகராட்சி கட்டிய அங்காடி அது. மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் காலத்தில், 1898-ல் அடிக்கல் நட்டார்கள், 1900-ல் திறந்தார்கள். செங்கல் வளைவுகளுக்கு உள்ளே கிளியும் முயலும் விற்றார்கள், கிராமபோன் தட்டு விற்றார்கள். பழைய புத்தகம் தேடிப் போனவர்கள் பேரம் பேசியே பாதி நாளைக் கழித்தார்கள். 1985 மே 30-ல் தீப்பிடித்து எரிந்தது. அந்த மனையில் இப்போது முன்பதிவு அலுவலகமும் புறநகர் நடைமேடைகளும். புத்தகக் கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

அதே 1985-ல் பக்கத்து மனையில் இன்னொரு மாநகராட்சிக் கட்டடத்தின் தலையெழுத்தும் மாறியது. அங்கே தீ எதுவும் பற்றவில்லை. ஒரு குத்தகை முடிந்தது, அவ்வளவுதான்.

விக்டோரியா பப்ளிக் ஹால் இருக்கும் 57 கிரவுண்ட் நிலத்தை, கிரவுண்டுக்கு 8 அணா வாடகையில் 99 ஆண்டுகளுக்கு ஓர் அறக்கட்டளைக்கு விட்டிருந்தது மாநகராட்சி. ராபர்ட் சிஷோம் வரைந்து, நம்பெருமாள் செட்டி கட்டிய மண்டபம். கோபுரத்தின் உச்சியை மட்டும் திருவிதாங்கூர்க் கோயில் கூரை போலச் செய்துவிட்டார் சிஷோம். செந்நிறச் செங்கலின் மேல் அது சற்றே வேற்றூர்த் தொப்பிபோல இருக்கும். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. 1897-ல் விவேகானந்தர் இங்கே பேசினார். மதராஸ்காரர்கள் முதன்முதலாக 'ஆடும் படம்' பார்த்ததும் இங்கேதான்.

குத்தகை முடிந்த பிறகு வழக்கு நடந்தது, வளாகத்துக்குள் கடைகள் இருந்தன, பக்கத்தில் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டினார்கள். மண்டபம் பூட்டியே கிடந்தது. பூட்டிய கட்டடத்தைக் கெடுப்பதற்கு மழை ஒன்று போதும். கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால், ஆள் புழங்கும் வீட்டில் அன்று மாலையே வாளி வைத்துவிட்டு மறுநாள் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். ஆளில்லாத இடத்தில் அது மூன்று பருவம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் உத்தரம் உளுத்திருக்கும், சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருக்கும். அவசரத்துக்கு சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட, உள்ளே தேங்கிய ஈரம் உப்பாகப் பூத்துச் செங்கல்லைப் பொடியாக உதிர்க்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் இன்றும் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கிறார்கள்.

2023-ல், சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில், சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பில் சீரமைப்பு தொடங்கியது. இத்தனை செலவா என்று கேட்கிறவர்களுக்கு அத்திப்பட்டிலேயே பதில் இருக்கிறது. செங்கல் சுட நெருப்பு வேண்டும், சிமெண்டுக்கும் வேண்டும். எரித்ததன் மிச்சம் எங்கே போய்ச் சேரும் என்பதை அங்கே வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிஷோமின் செங்கற்கள் 130 ஆண்டுகளுக்கு முன்பே சுட்டவை. அவற்றை இன்னொரு முறை சுட வேண்டாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம்.

பிழைத்தவற்றைப் பார்த்தால் கதை வேறு. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை இன்றும் மாநகராட்சித் தலைமையகம். கோப்புகள் நகர்வதால் கூரையும் கவனிக்கப்படுகிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் தடத்தில் இருக்கிறது ராயபுரம் நிலையம். 1856 ஜூலை 1-ல் வாலாஜா ரோடு வரை முதல் பயணிகள் ரயிலை அனுப்பியது அது. இந்தியாவில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடமும் அதுதான். அங்கே இப்போதும் வண்டி நிற்கிறது.

விக்டோரியா ஹாலில் ஓர் அருங்காட்சியகமும், நிகழ்ச்சிகளுக்கு அரங்கமும் என்பது சீரமைப்பின் திட்டம். இதில் அரங்கம்தான் முக்கியம். அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்தவர் மறுபடி வர வருஷமாகும். நாடக ஒத்திகைக்காரர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வருவார்கள். மின்விசிறி ஓடவில்லை என்று சண்டையும் போடுவார்கள். அந்தச் சண்டைதான் பராமரிப்பு.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வார நாட்களில் அரங்கத்தைக் குறைந்த வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையை வாசலிலேயே எழுதி வையுங்கள். காசிமேட்டுக் கானா குழுவுக்கும், திருவொற்றியூர்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கும், மாநகராட்சி எல்லைக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அத்திப்பட்டு நாடகப் பையன்களுக்கும் ஒரே வாடகையாக இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் கும்மிடிப்பூண்டி வண்டி பக்கத்திலேயே நிற்கிறது.