சுங்கானும் பால்மரமும்



புகைபிடிக்காத ஆசிரியன் சுங்கான் சேர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வாய்ப் புற்றுநோயைத் தரும் பழக்கத்தை நான் பரிந்துரைக்கவில்லை. எனக்கு அதன் மரவேலைப்பாட்டின் மீதுதான் விருப்பம். புதிய தரமான பிரையர் சுங்கான் ஒன்றின் விலை பல நூறு வெள்ளி. பழையதை ஐம்பது வெள்ளிக்குள்ளும் வாங்கலாம். எந்தக் குறை நீங்கும், எந்தக் குறை நீங்காது என்று அறிந்திருந்தால் போதும்.

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோர நாடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்ச்செடியின் வேர்முடிச்சு. மிகக் கடினமானது; வெப்பம் தாங்கும்; எளிதில் கருகாது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன் கிளோடு என்னும் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கட்டையைக் கடைந்து சுங்கான் செய்யத் தொடங்கினர். பின்னாளில் இலண்டனின் டன்ஹில், டப்ளினின் பீட்டர்சன் ஆகிய நிறுவனங்கள் இத்தொழிலில் பெயர்பெற்றன.

இத்தகைய பழைய சுங்கான்கள் பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் அவ்வப்போது கண்ணில் படும். பூச்சோங்கிலிருந்து எல்ஆர்டி ஏறி, புத்ரா ஹைட்ஸில் மாறி, தாமான் ஜெயாவில் இறங்கினால் நடக்கும் தொலைவுதான். பழைய நாணயங்கள், கேமராக்கள், இசைத்தட்டுகள் ஆகியவற்றுக்கிடையே அவை கிடக்கும்.

கையில் எடுத்ததும் கிண்ணத்தின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்போ, சுவரைத் தின்ற கருகலோ இருந்தால் வைத்துவிடுங்கள். அது தீராத குறை. தண்டும் வாய்க்காம்பும் இணையும் இடத்தில் கீறல் உண்டா என்று நோக்குங்கள். புகை செல்லும் துளை கிண்ணத்தின் அடியில், நடுவில் வந்து சேரவேண்டும். தண்டில் பொறித்த நிறுவன முத்திரை தெளிவாக இருத்தல் நன்று. தேய்ந்த முத்திரையை மீட்க இயலாது.

உள்ளே படிந்த கரியும் வெளியே படிந்த அழுக்கும் குறையல்ல. அவற்றைக் கண்டு பலர் விலகிச் செல்வதால்தான் விலை குறைகிறது. வாய்க்காம்பு பச்சையும் பழுப்பும் கலந்து வெளிறியிருந்தால் இன்னும் குறையும். நுண்ணிய மணல்தாளை நீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால் கருமை திரும்பும். நான் 45 வெள்ளிக்கு வாங்கிய பீட்டர்சன் சுங்கான் அப்படித்தான் இரண்டு மாலைப்பொழுதுகளில் புதுப்பொலிவு பெற்றது.

வெளிறிய அக்காம்பு எதனால் ஆனது? இரப்பர்தான். இரப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் கொம்பு போன்று இறுகும். வல்கனைட் என்றும் எபொனைட் என்றும் அதனை அழைப்பர். வெயிலும் காற்றும் பட்டால் அது நிறம் மாறும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலக இரப்பர் உற்பத்தியில் மலாயா முன்னணியில் நின்றது. அந்த மரங்களை வெட்டிப் பாலெடுத்தவர்களுள் பெருந்தொகையினர் நம் முன்னோர்.

என் தந்தையார் சிறுவயதில் தம் தாயாருடன் மங்கு துடைக்கச் சென்றவர். சுங்கானை அவர் கையில் கொடுத்தேன். மூக்கருகே கொண்டு சென்றார்.

"பெரட்டுல நிக்கும்போது இந்த வாடைதான் முதல்ல வரும். துரை வர்றாருன்னு எல்லாரும் பேச்சை நிறுத்திக்குவோம்" என்றார்.

"அப்பா, இந்தக் கறுப்புக் காம்பு இரப்பர்ல செஞ்சதுப்பா" என்றேன்.

அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நம்ம பால்தான் துரை வாயில இருந்துச்சா?" என்று கேட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு சுங்கானை மேசைமேல் வைத்துவிட்டு, அன்றைய நாட்கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதற்கு முன் அக்கணக்கை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

சுங்கானின் தண்டில் செய்தவர் பெயர் உண்டு. நாட்டின் பெயர் உண்டு. காம்புக்குப் பால் வெட்டியவர் பெயரை எவரும் பொறிப்பதில்லை. பூச்சோங்கிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. காசல்பீல்டு, கின்ராரா ஆகிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று மாணவர் கேட்டால் நான் பால்மரத்தில் தொடங்குகிறேன். பள்ளி புகையற்ற இடம். ஆகவே சுங்கான் வீட்டிலேயே இருக்கும், கதை மட்டும் வகுப்புக்கு வரும்.

சந்தைக்குச் செல்லும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு குறிப்பு. வெளிறிய காம்பைக் கட்டைவிரலால் நன்கு தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக மணம் எழுந்தால் அது இரப்பர்; எழாவிட்டால் பெரும்பாலும் நெகிழி. நான் மணம் எழுவதையே வாங்குகிறேன்.