கேள்விக்குப் பயந்த ஆசிரியன்

வகுப்பறைக்குத் திரை வந்த பிறகு நான் பாடம் நடத்துவதைக் குறைத்துக்கொண்டேன். காணொளியை ஓடவிட்டு ஓரமாக நின்றேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ‘நன்றாகக் கவனிக்கிறார்கள்’ என்று சக ஆசிரியர்களிடம் சொன்னேன். அப்படிச் சொன்னபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

சோம்பல் ஒரு காரணம். பெரிய காரணம் பயம். நான் விலங்கியல் படித்தவன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’ வரும்போதெல்லாம், கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வேனே என்று உள்ளுக்குள் நடுங்குவேன். காணொளி யாருக்காகவும் நிற்காது. அது எனக்கு வசதியாக இருந்தது. கை தூக்கிய பிள்ளையிடம், “முழுசாப் பாரும்மா, அதுலயே வரும்” என்பேன். பெரும்பாலும் வராது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. “வீட்டுல போய் ஸ்கேன் பண்ணிப் பாருங்க” என்று அதையும் சாக்காக்கினேன். வீட்டில் போன் இருக்கிறதா, பகலில் அது யார் கையில் இருக்கும் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

விளைவைத் தேர்வுத்தாளில் பார்த்தேன். தொடரிணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைச் செலவழித்துவிடும், அடுத்த பல்புக்குக் குறைவாகத்தான் போகும் என்று பலர் எழுதியிருந்தார்கள். தொடர்ச்சுற்றில் எல்லா இடத்திலும் மின்னோட்டம் ஒன்றுதான். பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல். காணொளி இதைச் சரியாகவே சொல்லியிருந்தது. ஆனால் பிள்ளை மனதில் முன்பே என்ன பதிந்திருக்கிறது என்று காணொளி கேட்காது. கேட்க வேண்டியவன் நான். நான் கேட்கவில்லை.

என்னைப் போல் திரைக்குப் பின்னால் ஒதுங்கும் ஆசிரியர்களுக்கு, தாமதமாகக் கற்றதைச் சொல்கிறேன்.

திரையைத் தொடுவதற்கு முன் கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: தொடராக இணைத்த இரண்டு பல்பில் எது பிரகாசமாக எரியும்? ஒவ்வொருவரும் விடையை நோட்டில் எழுதட்டும். பிறகு பேட்டரியும் இரண்டு டார்ச் பல்பும் வைத்து எரித்துக் காட்டுங்கள். இரண்டு பல்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் வேறுபட்டு, பிள்ளைகளின் தவறான எண்ணமே உறுதிப்பட்டுவிடும்.

திரை அதற்கப்புறம் வரட்டும். ‘ஃபெட்’ பாவனைச் செயலிகள் இலவசம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை. அவற்றிலுள்ள மின்சுற்றில் பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர் வைக்கலாம். இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது, நோட்டில் எழுதியதைப் பிள்ளைகளே திருத்துவார்கள். முந்தின நாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

காணொளி காட்டியே ஆகவேண்டும் என்றால், சிறு துண்டாகக் காட்டுங்கள். ஒலியை நிறுத்திவிட்டு உங்கள் குரலில் விளக்குங்கள். ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று நிறுத்திக் கேளுங்கள். பவர்பாயின்ட் ஓடும்போது விசைப்பலகையில் ‘பி’ எழுத்தை அழுத்தினால் திரை இருண்டுவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பும். பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்துக்கு அது உதவும்.

இவ்வளவும் எளிய வேலைகள். எனக்குக் கடினமாக இருந்தது, “தெரியலைம்மா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்று முதல்முறை வாய்விட்டுச் சொன்னதுதான். பிள்ளைகள் யாரும் என்னை இளக்காரமாகப் பார்க்கவில்லை. மறுநாள் விடையோடு போனபோது இன்னும் பல கைகள் உயர்ந்தன. அதற்கு முன் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களுக்கு அந்த வாய்ப்பை நான் தரவில்லை. பாடம் தெரியாதது என் குறை. தெரியாததை மறைக்க அவர்களை வாய்மூட வைத்தது என் குற்றம்.